டெனோஃபோவிரை விட்டுவிடலாமா? எச்.ஐ.வி + ஹெபடைட்டிஸ் பி இரண்டும் இருப்பவர்களுக்கான இழை

வரிசைஎண்7 | 3 பிப்ரவரி 2025, காலை 9.12

ஒருவருக்கு எச்.ஐ.வி.யும் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி.யும் சேர்ந்து இருக்கிறது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலூடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. எச்.ஐ.வி வைரல் லோடு, ஹெப் பி டி.என்.ஏ இரண்டுமே ஆண்டுக்கணக்கில் 'கண்டறிய முடியவில்லை' என்றே வருகிறது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி வந்திருக்கிறது (கேபோடெக்ராவிர் + ரில்பிவிரின்). ஹெப் பி தான் அடங்கிவிட்டதே, ஊசிக்கு மாறி மாத்திரைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். 'மருத்துவரைக் கேளுங்கள்' என்ற ஒற்றை வரி வேண்டாம். கேட்கத்தான் வேண்டும், என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகலாமே.

மருந்துமூலை | 3 பிப்ரவரி, காலை 11.40

அந்த ஊசியில் இருக்கும் இரண்டு மருந்துமே ஹெப் பி.யைத் தொடாது. கேபோடெக்ராவிர் தடுப்பது இன்டெகிரேஸ் நொதியை. ஹெப் பி வைரஸிடம் அந்த நொதியே கிடையாது. ரில்பிவிரின் எச்.ஐ.வி-1 நொதியில் இருக்கும் ஒரு பொந்துக்குள் போய் உட்காரும். ஹெப் பி.யின் பாலிமரேஸில் (டி.என்.ஏ எழுதும் நொதி) அந்தப் பொந்து இல்லை.

டெனோஃபோவிர் கதை வேறு. இரண்டு வைரஸும் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ எழுதுகின்றன. எச்.ஐ.வி அப்படி எழுதுவது பலருக்குத் தெரியும், ஹெப் பி.யும் தன் இனப்பெருக்கத்தின் நடுவில் அதையேதான் செய்கிறது. எழுதும்போது அடினின் எழுத்துக்குப் பதிலாக டெனோஃபோவிர் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பின்னால் அடுத்த எழுத்தை ஒட்ட இடமில்லை, சங்கிலி அங்கேயே நின்றுவிடும். லாமிவுடினும் எம்ட்ரிசிடபினும் சைட்டிடின் இடத்தில் இதே வேலையைச் செய்கின்றன. எச்.ஐ.வி மருந்துகளில் இந்த மூன்றுக்குத்தான் இரண்டு வைரஸின் மேலும் பிடி உண்டு. ஆக, ஊசிக்கு மாறலாம், ஆனால் ஹெப் பி.க்காக ஒரு மாத்திரை தினமும் தொடரத்தான் வேண்டும். பிறகு ஊசி எதற்கு என்று கேட்டால் நியாயமான கேள்விதான்.

மருந்துமூலை | 3 பிப்ரவரி, மதியம் 12.05

ஒரு சேர்க்கை. டோலூடெக்ராவிர் + லாமிவுடின் மட்டும் உள்ள இரட்டை மாத்திரைக்கு மாறுவதிலும் இதே பள்ளம் உண்டு. அங்கே ஹெப் பி.யை எதிர்க்க லாமிவுடின் தனியாக நிற்கும். லாமிவுடினைத் தனியாகக் கொடுத்தால் ஹெப் பி எதிர்ப்பு முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 20 விழுக்காட்டினரிடம் வந்துவிடும், ஐந்தாண்டில் 70 வரை போகும். டெனோஃபோவிரில் எட்டாண்டு தொடர்ந்த ஆய்விலும் அப்படி எதிர்ப்பு பெற்ற வைரஸ் தேறவில்லை. இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

வரிசைஎண்7 | 3 பிப்ரவரி, மாலை 6.30

சரி, ஊசி ஹெப் பி.யைத் தொடாது. ஆனால் டி.என்.ஏ பூஜ்யம் என்றால் வைரஸே இல்லை என்றுதானே பொருள்? இல்லாத வைரஸுக்கு எதற்கு மருந்து?

கல்லீரல்வாசி | 4 பிப்ரவரி, காலை 7.55

இரத்தத்தில் இல்லை, அவ்வளவுதான். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் தன் டி.என்.ஏ.வை மூடிய வளையமாக வைத்திருக்கும். புதிய வைரஸுக்கான நகல்கள் எல்லாம் அந்த வளையத்திலிருந்தே புறப்படுகின்றன. டெனோஃபோவிர் தடுப்பது நகலெடுப்பின் பிற்பகுதியை மட்டும். வளையத்தின் மேல் அதற்குக் கை எட்டாது. மருந்தை நிறுத்தினால் வளையம் மறுபடி வேலையைத் தொடங்கும். டெனோஃபோவிர் நிறுத்தியவர்களிடம் இது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரியும். என்டெகவிர் (ஹெப் பி.க்கான இன்னொரு மருந்து) நிறுத்தினால் கொஞ்சம் தாமதமாக வரும்.

வைரஸ் திரும்புவதோடு நிற்பதில்லை. அது பொங்கி எழும்போது உடலின் எதிர்ப்புச் செல்கள் கல்லீரல் மேல் பாய்கின்றன, ஏ.எல்.டி (கல்லீரல் செல் கெடும்போது இரத்தத்தில் கசியும் நொதி) நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரத்தைத் தாண்டியும் ஏறும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) இருப்பவருக்கு அந்த ஒரு பொங்கலே கல்லீரல் செயலிழப்பில் முடியலாம். மருந்துத் தாளில் கட்டம் கட்டி முதல் எச்சரிக்கையாகப் போட்டிருப்பது இதைத்தான்.

பார்க்க வேண்டிய சோதனை டி.என்.ஏ அல்ல, எச்.பி.எஸ் ஆன்டிஜன் (வைரஸின் மேலுறைப் புரதம்). அது மறைந்து, மறைந்தபடியே நீடித்தால் ஹெப் பி.க்காக மருந்தை நிறுத்துவது பற்றிப் பேச்செடுக்கலாம். அது அபூர்வம். இ-ஆன்டிஜன் (வைரஸ் இரத்தத்தில் விடும் இன்னொரு புரதம்) உள்ளவர்களில் ஐந்தாண்டு டெனோஃபோவிருக்குப் பிறகு பத்தில் ஒருவர் அளவுக்கு. இல்லாதவர்களில் நூற்றில் ஒருவர் கூடத் தேறமாட்டார்.

ஆய்வுக்கூடம் | 4 பிப்ரவரி, இரவு 9.20

மேலே உள்ளதோடு உடன்பாடு. ஆனால் நிறுத்தவே கூடாது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். எச்.ஐ.வி இல்லாமல் ஹெப் பி மட்டும் இருந்து, சிரோசிஸ் இல்லாமல், இ-ஆன்டிஜன் போய் அதற்கான எதிர்பொருள் வந்து, டி.என்.ஏ.வும் கண்டறிய முடியாத நிலைக்குப் போய், அதன் பிறகும் குறைந்தது ஓராண்டு மருந்து தொடர்ந்தவர்களுக்கு நிறுத்திப் பார்க்கும் வழி வழிகாட்டு நெறிகளில் உண்டு. அப்போதும் முதல் மாதங்களில் அடிக்கடி ஏ.எல்.டி., டி.என்.ஏ இரண்டும் பார்த்தாக வேண்டும். எச்.ஐ.வி.யும் சேர்ந்திருப்பவருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது, அவருக்கு எப்படியும் வாழ்நாள் மருந்து.

மருந்துமூலை | 6 பிப்ரவரி, காலை 10.15

நேரெதிர்த் தவறு ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எச்.ஐ.வி மருந்து தோற்கிறது. சோதனையில் கே65ஆர் மாற்றம் வருகிறது, டெனோஃபோவிர் எச்.ஐ.வி.க்கு இனி உதவாது. உடனே சீட்டில் அதை அடித்துவிட்டு ஜிடோவுடின் + லாமிவுடின் என்று எழுதுகிறார்கள். எச்.ஐ.வி கணக்கில் அது சரி. ஹெப் பி கணக்கில் மறுபடி தனி லாமிவுடின். கே65ஆர் எச்.ஐ.வி.யின் நொதியில் வந்த மாற்றம். ஹெப் பி வைரஸுக்கு அது தெரியவே தெரியாது. புதிய எச்.ஐ.வி கூட்டோடு டெனோஃபோவிரை ஹெப் பி.க்காகத் தொடர வேண்டும்.

இதன் மறுபக்கம்: ஹெப் பி என்று மட்டும் தெரிந்து, எச்.ஐ.வி சோதனை செய்யாமலே என்டெகவிர் அல்லது டெனோஃபோவிரைத் தனியாகத் தொடங்குவது. எச்.ஐ.வி ஒளிந்திருந்தால் ஒற்றை மருந்தில் அது பழகிவிடும். என்டெகவிருக்கு எச்.ஐ.வி மேல் சற்றே வேலை உண்டு, லாமிவுடினை முறியடிக்கும் எம்184வி மாற்றத்தைக் கொண்டுவரும் அளவுக்கு. அது 2007-இல் வெளியே தெரிந்தது. ஹெப் பி.க்கான 100 மி.கி லாமிவுடினும் அப்படித்தான், எச்.ஐ.வி.க்கு 300 தேவை. முதல் மாத்திரைக்கு முன் இரண்டு சோதனையும் முடிந்திருக்க வேண்டும்.

வரிசைஎண்7 | 6 பிப்ரவரி, இரவு 8.02

வாதம் தோற்றது, ஏற்கிறேன். அடுத்த கேள்வி, இது இழையின் தலைப்புக்கே நெருக்கம். டெனோஃபோவிர் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்கிறார்களே. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.0 இருந்தால் கவலையில்லைதானே?

ஆய்வுக்கூடம் | 7 பிப்ரவரி, காலை 6.48

கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி சுத்தம் செய்கிறது என்று மதிப்பிடும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

(140 − வயது) × எடை ÷ (72 × கிரியாட்டினின்). பெண்ணானால் 0.85-ஆல் பெருக்கவும்.

58 வயது, 48 கிலோ, பெண், கிரியாட்டினின் 1.0. 82 × 48 = 3936. 72-ஆல் வகுத்தால் 54.7. 0.85-ஆல் பெருக்கினால் 46.5. அறிக்கையில் 1.0-க்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் எதுவும் இருக்காது. ஆனால் 50-க்குக் கீழே போயாயிற்று, டி.டி.எஃப் வகை (வழக்கமான 300 மி.கி) டெனோஃபோவிரின் அளவையே மாற்ற வேண்டிய இடம் அது. 50-உம் அதற்கு மேலும் தினம் ஒன்று. 30 முதல் 49 வரை 48 மணிக்கு ஒருமுறை. 10 முதல் 29 வரை 72 முதல் 96 மணிக்கு ஒருமுறை. டயாலிசிஸில் இருந்தால் வாரம் ஒன்று, டயாலிசிஸ் முடிந்த பிறகு.

மருந்துமூலை | 7 பிப்ரவரி, காலை 9.30

மேலே உள்ள '48 மணிக்கு ஒருமுறை' தனி டெனோஃபோவிர் மாத்திரைக்கு மட்டும். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கக் கூடாது, டோலூடெக்ராவிர் தினமும் வேண்டும். அந்தக் கட்டத்தில் கூட்டு மாத்திரையை உடைத்து மூன்றையும் தனித்தனியாக எழுதி, டெனோஃபோவிருக்கு மட்டும் இடைவெளி விட வேண்டும். இல்லையேல் டி.ஏ.எஃப் என்ற, சிறுநீரகத்துக்கு அடி குறைவான டெனோஃபோவிர் வகைக்கு மாற வேண்டும். இந்த ஒரு வரியைத் தவறவிட்டு எச்.ஐ.வி வைரல் லோடு ஏறுவதுதான் மிச்சம்.

ஆய்வுக்கூடம் | 7 பிப்ரவரி, இரவு 10.10

காலையில் விட்ட இடத்திலிருந்து. டெனோஃபோவிர் அடிப்பது வடிகட்டியை அல்ல, வடிகட்டிக்கு அடுத்து வரும் நுண்குழாயின் முதல் பகுதியை. இரத்தப் பக்கமிருந்து ஓ.ஏ.டி1, ஓ.ஏ.டி3 என்ற கடத்திகள் மருந்தை அந்தச் செல்லுக்குள் இழுக்கின்றன, எம்.ஆர்.பி4 சிறுநீருக்குள் தள்ளுகிறது. உள்ளே வரும் வேகம் வெளியேறும் வேகத்தைத் தாண்டினால் செல்லுக்குள் மருந்து தேங்கி மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது. கெட்ட குழாய் தான் திரும்ப உறிஞ்ச வேண்டியதை விட்டுவிடும்: பாஸ்பேட், குளுக்கோஸ், அமினோ அமிலம், பைகார்பனேட், சிறு புரதங்கள். இதற்கு ஃபான்கோனி நோய்க்குறி என்று பெயர். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே இது தொடங்கியிருக்கலாம்.

அதனால் கவனிக்க வேண்டியது:

சிறுநீரில் முக்கி எடுக்கும் சோதனைப் பட்டையில் சர்க்கரை இருக்கிறது, இரத்தச் சர்க்கரை இயல்பு. இது பெரிய மணி.

இரத்தப் பாஸ்பேட் குறைவு. அப்போது ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தையும் சிறுநீரையும் வைத்து வெளியேற்ற விழுக்காடு (வடிகட்டியில் இறங்கிய பாஸ்பேட்டில் எவ்வளவு சிறுநீரில் போகிறது) போடவும்: (சிறுநீர்ப் பாஸ்பேட் × இரத்தக் கிரியாட்டினின்) ÷ (இரத்தப் பாஸ்பேட் × சிறுநீர்க் கிரியாட்டினின்) × 100. எடுத்துக்காட்டாக அதே வரிசையில் 40, 1.2, 1.9, 80 (எல்லாம் மி.கி/டெ.லி): 48 ÷ 152, கிட்டத்தட்ட 32 விழுக்காடு. 20-க்கு மேல் போனாலே குழாய் ஒழுகுகிறது. இரத்தப் பாஸ்பேட் குறைந்திருக்கும்போது 10-ஐத் தாண்டினாலே சந்தேகப்படலாம்.

சிறுநீர்ப் பட்டை காட்டுவது பெரும்பாலும் ஆல்புமினை. குழாய்ச் சேதத்தில் ஒழுகும் சிறு புரதங்கள் அதில் சரியாகப் பிடிபடாது. மொத்தப் புரதம்/கிரியாட்டினின் விகிதம் ஏறி, ஆல்புமின்/கிரியாட்டினின் விகிதம் அந்த அளவுக்கு ஏறாமல் இருந்தால் குழாயைச் சந்தேகிக்கவும்.

கல்லீரல்வாசி | 8 பிப்ரவரி, காலை 8.25

அந்தப் பெரிய மணி சிலரிடம் சும்மாவே அடித்துக்கொண்டிருக்கும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் (சர்க்கரை நோய் மருந்துகள்) எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் எப்போதும் சர்க்கரை போகும், அந்த மருந்தின் வேலையே அதுதான். இவர்களிடம் சிறுநீர்ச் சர்க்கரையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பாஸ்பேட்டும் புரத விகிதமும்தான் கதி.

டோலூடெக்ராவிர் தொடங்கிய முதல் வாரங்களில் கிரியாட்டினின் 0.1 முதல் 0.2 வரை ஏறி அங்கேயே நிற்கும். ஓ.சி.டி2 என்ற கடத்தியை அது தடுப்பதால் கிரியாட்டினின் வெளியேறுவது மட்டும் குறைகிறது; வடிகட்டுதல் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பார்த்து டெனோஃபோவிரைப் பழிக்க வேண்டாம். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால்தான் பழி அதன் மேல்.

ஆய்வுக்கூடம் | 8 பிப்ரவரி, காலை 8.50

அந்த எம்பாக்ளிஃப்ளோசின் குறிப்பு அருமை. அதை இழையின் உச்சியில் ஒட்டி வைக்கலாம்.

மருந்துமூலை | 8 பிப்ரவரி, மதியம் 1.15

சிறுநீரகப் பக்கம் இன்னும் ஒன்று. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்றவற்றை அதிக அளவில், நாள்கணக்கில் விழுங்கியவர்களிடம் டி.டி.எஃப்.போடு சேர்ந்து திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. நாள்பட்ட எலும்பு வலியையும் தசைத் தளர்ச்சியையும் முதுமை என்று எழுதிவிட்டு வலிமாத்திரையைக் கூட்டினால் இரண்டு வகையில் தப்பு. பாஸ்பேட் ஒழுகி எலும்பு மெலிந்ததே அந்த வலிக்குக் காரணமாக இருக்கலாம், வலிமாத்திரை அதே குழாயை மேலும் அடிக்கும்.

வரிசைஎண்7 | 9 பிப்ரவரி, காலை 11.00

டி.ஏ.எஃப், டி.டி.எஃப் என்று இரண்டு வருகிறதே. ஒரு பெட்டியில் 300, இன்னொன்றில் 245, மற்றதில் 25. எது வீரியம்?

மருந்துமூலை | 9 பிப்ரவரி, மதியம் 12.20

300-உம் 245-உம் ஒரே மாத்திரைதான். டெனோஃபோவிர் டிசோப்ராக்சில் ஃபியூமரேட் (டி.டி.எஃப்) 300 மி.கி என்பது உப்போடு சேர்த்த எடை. உப்பைக் கழித்தால் 245. எந்த எடையைப் பெட்டியில் அச்சிடுவது என்பதில்தான் வேறுபாடு. டிசோப்ராக்சிலையும் கழித்து வெறும் டெனோஃபோவிர் மட்டும் எடை போட்டால் 136. இந்தக் கணக்கு புரியாமல் 245-ஐ 'லைட்' என்று நினைத்து இரண்டு போடக் கிளம்புபவர் இருப்பார், யாரும் கிளம்ப வேண்டாம்.

25 வேறு மருந்து வடிவம், டெனோஃபோவிர் அலாஃபெனமைடு (டி.ஏ.எஃப்). டி.டி.எஃப் குடலைத் தாண்டியதும் இரத்தத்திலேயே உடைந்து டெனோஃபோவிராகிச் சிறுநீரகத்தைச் சுற்றிவரும். டி.ஏ.எஃப் இரத்தத்தில் உடையாமல் போய்ச் செல்லுக்குள்ளேயே உடையும்: நிணச்செல்லில் கேதெப்சின் ஏ, கல்லீரல் செல்லில் கார்பாக்சில்எஸ்டரேஸ் 1. வீட்டு வாசலில் பிரிக்காமல் உள்ளே கொண்டுபோய்ப் பிரிக்கும் பொட்டலம் மாதிரி. இரத்தத்தில் டெனோஃபோவிர் அளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைவு. எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் அடி குறைவு. கோபிசிஸ்டாட் அல்லது ரிடோனவிர் (மற்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றும் துணை மருந்துகள்) சேர்ந்த எச்.ஐ.வி கூட்டுகளில் 10 மி.கி.யே போதும்.

கல்லீரல்வாசி | 9 பிப்ரவரி, இரவு 7.40

அதனால் எல்லோரும் டி.ஏ.எஃப்.புக்கு ஓட வேண்டும் என்றில்லை. டி.டி.எஃப் கொழுப்பையும் எடையையும் சற்றே தாழ்த்தி வைக்கும். மாறினால் இரண்டும் ஏறுவது வழக்கம். டி.ஏ.எஃப்.போடு ரிஃபாம்பிசின் சேர்க்கப் பரிந்துரை இல்லை, காசநோய் மருத்துவம் நடக்கும்போது டி.டி.எஃப்.பே எளிது (டோலூடெக்ராவிரை அப்போது 50 மி.கி இரண்டு வேளையாக்க வேண்டும்). வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிட்டாயினும் டி.ஏ.எஃப்.பின் அளவைக் குறைக்கும். இளவயது, சிறுநீரகம் நலம், எலும்பு நலம் என்றால் டி.டி.எஃப்.பில் தொடர்வதில் குறை எதுவும் இல்லை.

வைரஸை அடக்குவதில் இரண்டும் சமம். 2013-இல் லேன்செட்டில் வந்த டி.டி.எஃப் ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாண்டு கழித்து எடுத்த திசுவில் சிரோசிஸ் இல்லை. தழும்பு திரும்பாது என்று படித்துவந்த தலைமுறைக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனாலும் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர ஒழியாது. சிரோசிஸ் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், டி.என்.ஏ பூஜ்யம் ஆனாலும்.

ஆய்வுக்கூடம் | 11 பிப்ரவரி, இரவு 11.30

தடம் மாறிப் போகிறேன், மன்னிக்கவும். இந்த மூலக்கூறு பிறந்தது பிராகாவில், அன்டோனின் ஹோலி கையில். வைரஸ் மேல் சோதித்தவர் பெல்ஜியத்தின் லூவனில் எரிக் டி கிளெர்க். அதன் அண்ணன் அடெஃபோவிர். எச்.ஐ.வி.க்குத் தேவையான அளவில் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் 1999-இல் அந்தப் பாதை மூடிப்போனது. பின்னால் 10 மி.கி என்ற சிறு அளவில் ஹெப் பி.க்கு வந்தது. டெனோஃபோவிர் அமெரிக்காவில் எச்.ஐ.வி.க்கு 2001 அக்டோபரிலும் ஹெப் பி.க்கு 2008 ஆகஸ்டிலும் அனுமதி பெற்றது. எச்.ஐ.வி வராமல் தடுக்க டெனோஃபோவிர் + எம்ட்ரிசிடபின் மாத்திரைக்கு அனுமதி கிடைத்த நாள் 2012 ஜூலை 16. ஹோலி மறைந்ததும் அதே நாள்.

மருந்துமூலை | 12 பிப்ரவரி, காலை 9.05

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த இழை பொருந்தும். எச்.ஐ.வி இல்லை, ஆனால் ஹெப் பி இருக்கிறது, அது தெரியாமல் தடுப்புக்காக டெனோஃபோவிர் + எம்ட்ரிசிடபின் விழுங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமலே ஹெப் பி மருத்துவம் நடக்கிறது. 'இனி தேவையில்லை' என்று ஒருநாள் விட்டால் மேலே சொன்ன பொங்கல் அவருக்கும் வரும். தேவைப்படும்போது மட்டும் விழுங்கும் முறை ஹெப் பி உள்ளவருக்கு ஆகாது, அது நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதற்குச் சமம்.

கல்லீரல்வாசி | 12 பிப்ரவரி, மாலை 5.50

தொடக்கத்திலும் ஒரு பொங்கல் உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி மருந்து தொடங்கியதும் எதிர்ப்புச் சக்தி மீள்கிறது. மீண்ட செல்கள் கல்லீரலில் இருக்கும் ஹெப் பி.யைக் கண்டு சண்டையைத் தொடங்கும். முதல் மூன்று மாதத்துக்குள் ஏ.எல்.டி ஏறும். இதை மருந்தின் நச்சு என்று எண்ணி எல்லாவற்றையும் நிறுத்தினால் நிறுத்தியதால் வரும் பொங்கலும் சேர்ந்துகொள்ளும். மஞ்சள் காமாலை இருக்கிறதா, இரத்தம் உறையும் நேரம் நீள்கிறதா, மனத்தெளிவு இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். இவை ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவமனை.

வரிசைஎண்7 | 13 பிப்ரவரி, காலை 7.10

கர்ப்பத்தில்?

கல்லீரல்வாசி | 13 பிப்ரவரி, காலை 8.00

டி.டி.எஃப் தொடரலாம். ஹெப் பி மட்டும் இருந்து டி.என்.ஏ 2 லட்சம் ஐ.யூ/மி.லி.யை எட்டினாலோ தாண்டினாலோ 28-ஆம் வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். குழந்தைக்கு முதல் தடுப்பூசி பிறந்த 24 மணிக்குள். அது தாமதமானால் தாய் எடுத்த மாத்திரை மட்டும் ஈடுகட்டாது.

வரிசைஎண்7 | 15 பிப்ரவரி, இரவு 9.45

கடைசியாகச் சில்லறைக் கேள்விகள். சாப்பாட்டோடா, வெறும் வயிற்றிலா? ஒருவேளை மறந்தால்? மாதக்கணக்குக்குப் பெட்டியில் பிரித்து வைக்கலாமா?

மருந்துமூலை | 16 பிப்ரவரி, காலை 10.30

டி.டி.எஃப் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கூடுதலாக உள்ளே போகும், வெறும் வயிற்றிலும் வேலை செய்யும். ஹெப் பி.க்கான டி.ஏ.எஃப் 25 சாப்பாட்டோடு. என்டெகவிர் மட்டும் கண்டிப்பாக வெறும் வயிறு, சாப்பாட்டுக்கு இரண்டு மணி முன்போ பின்போ. டோலூடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையென்றால் அலுமினியம், மக்னீசியம் உள்ள அமிலமுறிவு மருந்துக்கு இரண்டு மணி முன் அல்லது ஆறு மணி பின். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் அதே கணக்கு. ஆனால் சாப்பாட்டோடு என்றால், இரும்பு, கால்சியத்தை மட்டும் டோலூடெக்ராவிரோடு சேர்த்தே விழுங்கலாம்.

மறந்தது 12 மணி நேரத்துக்குள் நினைவுக்கு வந்தால் உடனே, அதைத் தாண்டினால் அடுத்த வேளைக்கு. இரட்டிப்பாக்க வேண்டாம். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி ஒன்று. செல்லுக்குள் மருந்து நாள்கணக்கில் தங்குவதால் ஒரு வேளை தவறியதற்குப் பதற வேண்டாம்.

பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். டி.டி.எஃப் ஈரத்தில் சிதையும். குப்பிக்குள் இருக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் மூடியை இறுக்கி வையுங்கள். பயணத்துக்குக் கிளம்பினால் தேவைக்கு மேல் பத்து நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், பாதியைக் கைப்பையில்.